நல்ல கைக்கு உறை

துணிக்கடைக்காரரின் வலது கையை மீட்டுத்தர மணிக்கு எண்ணூறு. "ஒரு கைக்குத்தானே வைத்தியம், பாதியா வாங்கிக்கக் கூடாதா?" என்று வாசலிலேயே பேரம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மனைவி உள்ளே வருகிறாள். பக்கவாதம் தொடாத இடது கைக்குத் தடித்த உறை மாட்டிப் பட்டையால் கட்டியாயிற்று. இனி எதுவானாலும் வலது கைதான் செய்தாக வேண்டும். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர். சன்னல் வெளிச்சம் அதில் ஆடாமல் நிற்கிறது. மடங்கியே கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து டம்ளரைச் சுற்றிப் பிடிக்கின்றன. தோள் நடுங்குகிறது. மனைவியின் கை தன்னால் நீள்கிறது. "அம்மா, நீங்க தூக்கிக் கொடுத்தா இந்தக் கை எப்பவும் கத்துக்காது," என்கிறாள் பயிற்சி கொடுக்கும் பெண். "அப்போ என் கைக்கும் ஒரு உறை குடும்மா." யாரும் சிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அவற்றின்மேலேயே அவள் உட்கார்ந்துகொள்கிறாள். "நீ அந்தப் பக்கம் பாரு," என்கிறார் அவர், மெதுவாக. "நீ பாத்தா கை கூச்சப்படுது." அவள் சுவரைப் பார்க்கிறாள், பார்ப்பதுபோல. டம்ளர் எழும்புகிறது, நெஞ்சைத் தாண்டி, வாய்வரை வந்து, சாய்கிறது. மேசைக்குப் பாதி, சட்டைக்கு மீதி. உதட்டுக்குக் கிடைத்தது ஒரு சொட்டு. அது வழிந்து முகவாயில் தொங்குகிறது. அதைத் துடைத்துவிடக்கூட அவளுக்கு அனுமதியில்லை.