ஒட்டியிருந்த தாள்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். வெள்ளவத்தை இராஜநாயகமோ ஒரு பொய்யையும் பொறுக்கிற ஆளில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், மகள் கொன்ஸ்ரன்ஸின் கலியாண அறிவித்தலான முதல் ஓலையை வாசிக்க இருந்தார்கள். மாப்பிள்ளை வின்சன்ற் நல்ல பிள்ளைதான். ஆனால் அவனுடைய பூட்டன், அவன் வீட்டார் சொன்னதுபோல இளவாலையில் வயல் வைத்துக் கமம் செய்தவரில்லை, கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று யாரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள். ஓலையை நிறுத்தினால் கன்னியர் மடத்துக்குப் போய்விடுவேன் என்று மகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இவர் அசையாமல் கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கோயில் பதிவேடுகளுக்குப் பொறுப்பான கிழவர் ஸ்ரனிஸ்லாஸ் முதலில் பழைய குடிக்கணக்கை எடுத்துப் போட்டார். அதில் பூட்டனின் பெயர் இருந்தது, தொழில் இல்லை. சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் ஏட்டில் தொழிலும் இருக்கும் என்று இராஜநாயகத்துக்குத் தெரியும். பூட்டன் செத்துப்போன, வாந்திபேதி வந்த வருஷத்து ஏட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

ஓரிடத்தில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஓரத்தில் பிதுங்கிய பசை இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"ஆர் ஒட்டினது?"

"நான்தான்."

இராஜநாயகத்துக்குத் தலைக்கேறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் கைநீட்டி வாங்கியதாகக் கிழவரை ஏசினார். பங்குச் சுவாமியிடம் சொல்லி இன்றைக்கே வேலையை விட்டு அனுப்புகிறேன் என்றார். நாற்பது வருஷ வேலை.

இராஜநாயகம் பேனாக்கத்தியை விரித்தார். கிழவர் தாளின்மேல் கையை வைத்தார்.

"வெட்டாதேங்கோ, நானே சொல்லுறன். வின்சன்றின்ர பூட்டன் துறைமுகத்தில மூட்டை சுமந்தவர்தான். இதுக்குள்ள எழுதிக் கிடக்கு."

"அப்ப, கமக்காரக் குடும்பம் எண்டு என்னை ஏமாத்தப் பாத்திருக்கினம். ஓலையை நிப்பாட்டுறன்."

"அது உங்கட விருப்பம். ஆனா நான் அவையளுக்காக ஒட்டேல்லை. போன வியாழக்கிழமை வின்சன்றின்ர தகப்பனும் இந்த ஏட்டைத்தான் கேட்டு வந்தவர். தன்ர ஆக்களைத் தேடி இல்லை."

"பின்னை ஆரைத் தேடி?"

"உங்கட பாட்டனாரை. நாளைக்கு வாங்கோ எண்டு அவரை அனுப்பிப்போட்டுத்தான் ஒட்டினனான்."

இராஜநாயகத்தின் கத்தி அந்தரத்தில் நின்றது. கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

"வின்சன்றின்ர பூட்டனுக்கு அடுத்த வரியில கிடக்கிறது உங்கட பாட்டனார். அவரும் மூட்டை சுமந்தவர்தான், ஐயா."