சவுரிமுத்துவுக்கு இடமில்லை

"சவுரிமுத்து பேரை அடிச்சிட்டேன்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது.

1997. மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தின் மாடி. 'தாம்பரம் வட்டாரக் களஞ்சியம்' அச்சுக்குப் போக இன்னும் பத்தே நாள். சானடோரியத்திலிருந்து பெருங்களத்தூர் வரை உள்ள ஏரி, கோயில், சர்ச், பள்ளிக்கூடம், பெயரெடுத்த மனிதர்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில். ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் லக்ஷ்மிநாராயணன்தான் பதிப்பாசிரியர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் சாமுண்டீஸ்வரி, லீவு நாளில் ஊரெல்லாம் அலைந்து தகவல் சேர்த்துக் கொடுப்பவள்.

"ஏன் சார்? இந்த வட்டாரத்துலயே தமிழ்ல ராப் பாடி, தானே கேசட் போட்டவர் அவர் ஒருத்தர்தான்."

"தானே யார் வேணா போட்டுக்கலாம். மத்தவங்க மதிச்சாங்களா?"

"சம்பந்தமில்லாத ரெண்டு பேராவது பத்திரிகையில எழுதியிருக்கணும்னு விதி போட்டது நீங்க. மூணு பேர் எழுதியிருக்காங்க!"

கத்தரித்து வைத்திருந்த மூன்று வாசகர் கடிதங்களை மேஜையில் பரப்பினாள். பல்லாவரம் கனகவல்லி. ஊரப்பாக்கம் ரத்தினம். சேலையூர் சுப்பராயலு. மூன்றும் வேறு வேறு வாரப் பத்திரிகை.

"இதைக் கேளுங்க. 'இரும்புலியூர் சவுரிமுத்துவின் கேட்டு போட்டான் என்ற ராப் கேசட்டைக் கேட்டேன். ரயில்வே கேட்டில் நின்று வெயிலில் காய்ந்தவர்களுக்கு இதுதான் தேசிய கீதம்.' எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க!"

"அதெல்லாம் செல்லாதும்மா."

"ஏன் செல்லாது?"

அவர் அடுத்த புரூஃபை எடுத்தார்.

படியில் செருப்புச் சத்தம். சவுரிமுத்துவே வந்துவிட்டான். டயர் கடை வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான்; கையெல்லாம் கறுப்பு. சட்டைப் பையிலிருந்த கவரை மட்டும் அழுக்குப் படாமல் விரல் நுனியால் எடுத்தான்.

"அக்கா, போட்டோ கேட்டீங்கல்ல? நேத்து ஸ்டூடியோல எட்த்தேன். சிரிச்சா மாரி ஒண்ணு, சிரிக்காத மாரி ஒண்ணு. எது வேணுமோ போட்டுக்கங்க."

சாமுண்டீஸ்வரி தலை குனிந்துகொண்டாள்.

"உன் பேரு வராதுப்பா" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"இன்னா சார் சொல்றீங்க? ஏன்?"

"எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

சவுரிமுத்து கவரை மேஜையில் வைத்தான்.

"ரயில்வே கேட்டைக் கலாய்ச்சுப் பாடிக்கீறேன்னு கோவமா சார்?"

"அப்படியே வச்சுக்கோ."

"இருவது கேசட்டுதான் சார் வித்துச்சு. மைக்கை வித்துட்டு ஒழுங்கா பொழப்பைப் பாருன்னு எங்கம்மா ஒரே பேஜாரு. அப்பதான் இந்த மூணு லெட்டரு வந்துச்சு. படிச்சுக் காட்டுனேன். முன்னப்பின்ன தெரியாத மூணு பேருக்குப் புட்ச்சிக்கீதேடா, பாடுடான்னு சொல்லிச்சு. அவங்கள்லாம் மனுசங்க சார். நீங்க..."

தடதடவென்று இறங்கிப் போனான். போட்டோ கவர் மேஜையிலேயே கிடந்தது.

சாமுண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிடிக்கலங்கறது ஒரு காரணமா சார்? அப்படி என்ன தப்பா பாடிட்டார்? 'கேட்டு போட்டான், ரோட்டுல நின்னேன், சோறு வேகுது சட்டியில...'"

"சட்டியில இல்லம்மா, மண்டையில. 'சோறு வேகுது மண்டையில.'"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அவரையே பார்த்தாள். "சார்... நீங்க அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கீங்களா?"

"டேப் தேஞ்சே போச்சு. ஸ்டேஷன் வாசல் கடையில ரெண்டாவது ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

"பின்ன ஏன் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"முப்பது வருஷம் ரயில்வேயில இருந்தேன். கேட்டுக்கு வெளியே நிக்கறவனோட வயித்தெரிச்சல் என்னன்னு அந்தப் பாட்டைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. நல்லா இருக்குன்னு ஒரு கடுதாசி போட்டேன். ஒருத்தர் சொன்னா யாரு காதுல விழும்னு இன்னும் ரெண்டு போட்டேன். கனகவல்லி, ரத்தினம், சுப்பராயலு... எல்லாம் நான்தாம்மா."

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அது யாருக்கு சார் தெரியப் போவுது? சேர்த்துடலாமே."

"எனக்குத் தெரியுமே. என்னையே மூணு சாட்சியாக் காட்டி ஒரு புத்தகத்துல ஏத்தலாமா?"

"சரி, அந்த உண்மையை அவர்கிட்ட பக்குவமா சொல்லியிருக்கலாம். வீணா அவர் வாயால கெட்ட பேரு வாங்கிட்டீங்களே சார்!"

லக்ஷ்மிநாராயணன் கவரைப் பிரித்து, சிரிக்கிற போட்டோவை மெல்ல வெளியே எடுத்தார்.

"பிடிச்சது ஒரே ஒரு கெழவனுக்குத்தான்னு தெரிஞ்சா இன்னிக்கே மைக்கை வித்துடுவான்மா. பிடிக்காதது ஒரே ஒரு கெழவனுக்குத்தான்னு நெனச்சா, வீம்புக்காவது இன்னொரு கேசட் போடுவான்!"