பொடிக்குள் ஒரு குதிரை

கடைப் பெண் பொடித் தொட்டிக்குள் தூரிகையை விட்டதும் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

"தும்மிடாதீங்க சார். இன்னும் சரியா இறுகல."

நான் தும்மினால் பக்கத்துத் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். அது ஊரறிந்த விஷயம்.

காலையிலிருந்து அந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு படலம் வெள்ளைப் பொடி. வேண்டிய இடத்தில் மட்டும் பசையால் ஓர் அச்சு. மேலே இன்னொரு படலம். இப்படி ஒரு கோடி முறை. ஐந்நூறுதான் என்றாள் அந்தப் பெண். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை.

உளி இல்லை. வார்ப்பு இல்லை. பொடிக்குள்ளிருந்து ஒரு பிடரி எழுந்தது. பிறகு ஒரு மூக்கு.

உலகம் உண்டானபோது பக்கத்தில் நின்றவனைப் போல எனக்குப் புல்லரித்தது.

பல் டாக்டர் மட்டும் அசையவில்லை. நாற்பது வருடமாக என்னோடு செஸ் ஆடுபவன். என் வாயில் பாதி அவன் கைவேலை.

பதினோரு வருடமாக அவன் குதிரைகளில் ஒன்றைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சோடா மூடி. நாளை மகளோடு வேறு நாட்டுக்குப் போகிறான். போவதற்குள் மூடி இல்லாமல் ஒரே ஓர் ஆட்டம் வேண்டுமாம். மிச்சமிருக்கும் குதிரையை மாதிரிக்குக் கொடுத்ததாகச் சொன்னான்.

காணாமல் போனது என் கோட்டின் உள்பையில் இருக்கிறது.

அன்றைக்கு அது இன்னொரு தாவு தாவினால் நான் தோற்றேன். அவன் கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன். அவசரத்தில் கடித்துவிட்டேன், ஒரு காது போயிற்று. பிறகு இருவரும் வீடு முழுக்கத் தேடினோம். நான் வாய் திறக்காமல் தேடினேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோட்டோடு அவன் வீட்டுக்குப் போவேன். போன ஞாயிறு கோட்டையே அங்கே மறந்துவிட்டேன். மறுநாள் அவனே மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

இன்று சொல்லியே தீர்வது என்று வந்தேன். இனி எதற்கு? இயந்திரம் என்னைக் காப்பாற்றிவிட்டது.

பெண் குதிரையைத் தூக்கி, ஒட்டியிருந்த பொடியைத் தட்டி, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒரு காது இல்லை.

"உடையல சார். திங்கட்கிழமை நீங்க அளவெடுக்கக் கொடுத்துத் திருப்பி வாங்கிட்டுப் போனதும் அப்படித்தானே இருந்துச்சு" என்றாள் அவனிடம்.

என் கை தானாக உள்பைக்குப் போயிற்று.

பல் டாக்டர் காது இருந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கீழ் வரிசை, இடது கடைவாய். நான் அடைச்ச பல்லு. எவ்வளவு கெட்டியா இருந்திருக்கு பாருடா!"