இரண்டு விரல் அளவு

கதவைச் சாத்திவிட்டு, அதிலிருந்த லென்ஸில் கண்ணை வைத்தாள்.

வெளியே லிஃப்டுக்குப் பக்கத்தில் கணவர் நிற்கிறார். ஆள் தெரியவில்லை. அவள் தைத்த போர்வைதான் தெரிகிறது. அதன் மேல்விளிம்பில் பத்து விரல்கள்.

நூற்றுச் சொச்சம் துணித் துண்டுகள். பழைய சட்டைகள், ஒரு லுங்கி, கிழிந்த குடையின் கறுப்பு. எல்லாம் சேர்ந்து மழை விட்ட தார்ச்சாலை.

கிட்டத்தில் பார்த்தால் துண்டுகள்தான் இருக்கும். சாலை வராது. தள்ளி நின்று பார்க்க இந்த ஃப்ளாட்டில் இடமில்லை. கதவு லென்ஸ் எதையும் சுருக்கித் தூரத்தில் வைத்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. பதினாறு வருடமாக அவர் வெளியே, அவள் உள்ளே.

லிஃப்ட் திறந்தது. எதிர்வீட்டு ரெஜினா.

"என்னங்க சார், மறுபடியும் கொடிக்கம்பம் ஆயிட்டீங்களா?"

"லீவு முடிஞ்சு இன்னைக்குத்தானுங்க டூட்டியில சேர்ந்தேன்." போர்வைக்குப் பின்னாலிருந்து அவர் குரல்.

லீவு.

நான்கு மாதத்துக்கு முன் இதே போர்வை, இதே இடத்தில், கோணலாகத் தொங்கியது. அவருடைய இடது கைப் பக்கம் கீழ்விளிம்பு இரண்டு விரல் இறங்கியிருந்தது. கண்காட்சிக்கு மூன்றே நாள்.

தரையில் விரித்து நாடா வைத்து அளந்தாள். நாடா சரி என்றது. கண் இல்லை என்றது.

அவள் எப்போதும் கண்ணைத்தான் நம்புவாள்.

அந்தப் பக்கத்து விளிம்பைப் பிரித்தாள். இரண்டு விரல் துணியை வெட்டினாள். மறுபடி தைத்தாள். மறுநாள் பிடிக்கச் சொன்னாள்.

நேராக இருந்தது.

அதற்கு அடுத்த காலை காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்தார். இடது கை மட்டும் அசையவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு இறங்கியிருந்தது அவர் தோள். அதைத்தான் கத்தரிக்கோலால் சரிசெய்திருக்கிறாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்.

போர்வை கண்காட்சிக்குப் போகவில்லை. பீரோவுக்குப் போனது. தையல் மெஷின் மேல் மாத்திரை டப்பாக்கள் வந்து உட்கார்ந்தன. அவர் காலையும் மாலையும் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்று போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்து நின்றார்.

"பிடிச்சுப் பாக்கட்டுமா?"

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

இப்போது ஒரு பக்கம் இரண்டு விரல் குட்டையான போர்வை அது. அவருக்குத் தெரியாது. நேராகத் தெரிந்தால், இடது கை இன்னும் அன்றைக்கு இறங்கிய இடத்திலேயேதான் நிற்கிறது.

கீழ்விளிம்பை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை.

மூச்சுப் பட்டு லென்ஸ் மங்கியது. முந்தானையால் துடைத்தாள்.

பார்த்தாள்.

வலது காலில் செருப்பின் நுனி மட்டும். இடது காலில் கணுக்கால் வரை தெரிந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்? கோணலா இருக்குதா?"

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள்.

"கோணல்தானுங்க," என்றாள். "அசையாம அப்படியே நில்லுங்க."