கண்ணை எடுத்த நேரம்

"எத்தினி மணிக்குப்பா எம்புள்ள போனான்?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

உமைர் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

அன்று சுபாஷின் பதினாறாம் நாள் காரியம். எல்லையில் அவனோடு ஒரே பங்கரில் இருந்தவன் உமைர். லீவு கிடைத்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவன், நேராக மூங்கில்துறைப்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டான்.

பட்டாளத்துக் காகிதத்தில் தேதி மட்டும்தான் போட்டிருந்தது. மணி இல்லை.

அவள் ஏன் கேட்கிறாள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சுபாஷ் செத்த அதே இரவு, ஒன்பது நாற்பதுக்கு, அவன் மனைவி தனுஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பு முந்தியா, சாவு முந்தியா என்பதுதான் இந்த வீட்டில் இத்தனை நாளாகப் பேச்சு. பச்சையம்மாள் இன்னும் குழந்தையைத் தொடவில்லை.

"முன்னயே பூட்டான்னா, அவனே திரும்பி வந்து பொறந்திருக்கான்னு நெனச்சிக்குவேன். இது பொறந்தப்பறம் அவன் பூட்டான்னா, அப்பன முழுங்கிட்டுதுன்னுதான அர்த்தம்? தாயையும் புள்ளையையும் நாளைக்கே வெள்ளிமலை ஜீப்புல ஏத்தி உட்ருவேன். அவ அம்மா வூட்டோட கெடக்கட்டும்."

உள்ளே தூளி ஆடுவது நின்றது.

சுபாஷின் தாய்மாமன் தனசேகரன் குறுக்கிட்டார். "ஏன் பாய், துப்பாக்கி மேல இருட்டுல பாக்குற கண்ணாடி மாட்டிக்கினு இருந்தானாமே. அப்பறம் இவன் பாக்கறதுக்கு முன்ன, சுட்டவன் எப்பிடி இவன பாத்தான்?"

"அதுக்குள்ள பச்சையா ஒரு வெளிச்சம் இருக்கும்ங்க மாமா. கண்ண ஒட்டியே வச்சிருந்தா வெளிய தெரியாது. ஆஃப் பண்ணாம கண்ண எடுத்தா மூஞ்சி மேல அடிக்கும். எதிர்ல இருக்கறவனுக்கு அது போதும்."

"மொசல் வேட்டைக்குப் போனாகூட கண்ண சிமிட்ட மாட்டானே அவன். இன்னாத்துக்குக் கண்ண எடுத்தான்?"

உமைர் டீ டம்ளரை மறுபடி கையில் எடுத்தான்.

"நேரத்தச் சொல்லுப்பா" என்றாள் பச்சையம்மாள்.

"எட்டு மணிங்கம்மா. எட்டுகூட ஆவல."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி, மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தனுஷா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்ப, பொண்ணு பொறந்தது தெரியாமயே பூட்டாராண்ணா?"

அன்று இரவு பங்கருக்குப் போன் வந்தபோது மணி பத்து. விடியும்வரை பொறுக்க முடியாமல் சுபாஷ் காவல் இருந்த மேடுவரை தவழ்ந்து போனது உமைர்தான். காதருகே போய் "பொண்ணுடா" என்றான்.

சுபாஷ் சட்டென்று திரும்பினான். கன்னமெல்லாம் பச்சை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே, "யார மாதிரிடா இருக்குது?" என்றான்.

பதில் சொல்ல உமைருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஆமா தங்கச்சி" என்றான் உமைர். "அவனுக்குத் தெரியாது."