வங்கியைத் தூக்கி நிறுத்தியவர்

சிட்னியில் இருபது வருடம் பஸ் ஓட்டிய குலவீரசிங்கம், இடியப்ப மெஷின் வாங்கக் கடன் கேட்டு வங்கியின் பன்னிரண்டாம் மாடிக்குப் போனார். அவருடைய வருமான வரிக் கடிதங்களைப் புரட்டிப் பார்த்த அதிகாரி நிரூபா கையை விரித்தாள்.

"பிணை வைக்க ஒண்டுமில்லை, அங்கிள். தர ஏலாது."

"பிணையில்லாமல் உலகத்திலை ஒருத்தரும் குடுக்கிறேல்லையோ, பிள்ளை?"

"ஒராள் குடுத்தவர். இந்த வங்கியே ஒருக்கால் தாழப் பாத்தது. வருசா வருசம் அரசாங்கத்தின்ரை கையிலை அள்ளிக் குடுத்தனுப்பித் தூக்கி விட்டவர். பிணை கேக்கேல்லை. ஏனெண்டும் கேக்கேல்லை."

குலவீரசிங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. "அவரெல்லோ மனிசன்! எங்கை பாக்கலாம்?"

"லிஃப்டிலை நிப்பார், போங்கோ," என்று வரிக் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள் நிரூபா.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் சப்பாத்தோடு நிற்கலாமா? கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஓர் ஈ காக்கைகூட இல்லை. எதிரே சுவரளவு கண்ணாடி. அதில் ஒரு கையில் சப்பாத்தும் மறுகையில் இருபது வருட வரிக் கடிதங்களுமாக, வெறுங்காலில் ஒரு பஸ் டிரைவர் நின்றார்.

குலவீரசிங்கம் சப்பாத்தை மெல்லக் கீழே வைத்தார். பன்னிரண்டு மாடியும் இறங்கி முடியும்வரை அந்த மகானைக் கும்பிட்டபடியே நின்றார்.