கொடிக்கம்பத்தில் ஒரு பை

லைடன் நகரத்தில் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த மாலை. அந்த ஊர் வழக்கப்படி, பாஸான பிள்ளைகளின் வீடுகளில் கொடி ஏற்றி, கம்பத்தின் நுனியில் பள்ளிப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மார்லீன் வீட்டிலும் ஒரு பை தொங்கியது.

எதிர்வீட்டு கெர்டா அதை அடையாளம் கண்டுகொண்டாள். அது மார்லீனின் மகன் யோரிஸின் பை. போன வருஷம் தேர்வுக்கு முன்னாலேயே லாரியில் அடிபட்டு இறந்துபோனவன். அந்தத் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மகனுடைய புத்தகங்களை விரித்துவைத்து மார்லீன் தனக்குத்தானே முணுமுணுப்பதை கெர்டா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போய்க் கதவைத் தட்டினாள்.

"மார்லீன், கோவிச்சுக்காத. அந்தப் பையை இறக்கிடு. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தானே தொங்கவிட்டேன்?"

"யோரிஸ் பரீட்சையே எழுதலயேடி..."

"அது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் யாரு பாஸாயிட்டாங்கன்னு இந்தக் கொடி?"

"நான்தான்" என்றாள் மார்லீன். "பதினாறு வயசுல படிப்ப விட்டவ. 'நான் முடிச்சதும் அடுத்து நீதாம்மா'ன்னு சொல்லிட்டே இருப்பான். அவன் புத்தகத்தையே வெச்சுப் படிச்சேன். கணக்குலதான் மயிரிழையில தப்பிச்சேன்."

கெர்டா, வாழ்த்துச் சொல்லும் வழக்கப்படி மார்லீனின் கன்னங்களில் மூன்று முறை முத்தமிட்டாள். மூன்றாவது முத்தம் உப்புக் கரித்தது.